வெள்ளிக்கிழமைக்கு மூன்று வைன்

றுமானாவின் காதில் ஆறு வருடமாக ஒரு கிழவரின் குரல் குடியிருந்தது. அவர் பெயர் எட்வின் ஹார்லி. வேல்ஸ் நாட்டில், குளிர்ந்த கடலொன்றின் கரையில் இருந்த சின்ன ஊர் ஒன்றில் வாழ்ந்தார். அவள் இருந்ததோ இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்குடியில். ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. அவள் குரல் எப்படி இருக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனாலும் அவர் இறந்துபோனபோது, வீட்டில் ஒரு மௌத்து விழுந்தது போலத்தான் அவள் இடிந்து போனாள். அதை யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

கடலுக்கும் பிரதான வீதிக்கும் நடுவே போகும் ஒரு ஒழுங்கையில் அவள் வீடு. வாப்பா மீராமுகைதீன் வரிப்பத்தான்சேனையில் இருந்த வயலில் பாதியை விற்று அவளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்தது. மூத்தவள் ஆகிலாவுக்குப் பக்கத்து வளவில் ஒரு வீடு, இளையவள் றுமானாவுக்கு இது. உம்மா மௌத்தான பிறகு வாப்பா இளையவளோடேயே இருந்துவிட்டார். மாப்பிள்ளை நிஸாம் கட்டாரில் லொறி ஓட்டினான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வந்து ஒரு மாதம் நிற்பான். பிள்ளைகள் கிடைக்கவில்லை.

ஊரில் மற்றப் பெண்பிள்ளைகளைத் தையலுக்கு அனுப்பிய காலத்தில், "இவளுக்கு இங்கிலீசு நல்லா வருகுது" என்று சொல்லி, பஸ்ஸில் கூட்டிப்போய் வகுப்பு முடியும்வரை வெளியே நின்று கூட்டி வந்தவர் வாப்பா. அந்த ஆங்கிலத்தை வைத்து றுமானா கொஞ்சக் காலம் ஒரு டியூட்டரியில் படிப்பித்தாள். டியூட்டரி மூடப்பட்டதும், வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஒரு வேலையை இன்டர்நெட்டில் பிடித்துக்கொண்டாள். வெளிநாட்டில் யாரோ பேசிப் பதிவுசெய்து அனுப்புவதைக் கேட்டு, சொல்லுக்குச் சொல் டைப் அடித்துக் கொடுக்கிற வேலை. வக்கீல்மார், டொக்டர்மார், பல்கலைக்கழகத்துக்காரர் என்று எத்தனையோ குரல்கள் வந்து போயின. எவருடைய குரலும் அடுத்த நாள் நினைவில் நிற்காது.

எட்வினின் பதிவு ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்தது.

"இந்த வெள்ளிக்கிழமைக்கு மூன்று சிவப்பு வைன்," என்று தொடங்கியது குரல். கொஞ்சம் கம்மிய, அவசரப்படாத குரல். "முதலாவது, எட்டுப் பவுணுக்குச் சிலி நாட்டுக் கார்மனேர். விலை குறைந்ததைச் சொல்லும்போது நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. மழை பெய்கிற நாளில் தனியாக இருந்து சூப் குடிக்கிறவருக்கு இது போதும். இரண்டாவது, பதினைந்து பவுணுக்கு ஸ்பெயினின் ரியோஹா. பெண் வீட்டார் சாப்பிட வந்தால் இதைத் திறவுங்கள், உங்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். மூன்றாவது, நாற்பது பவுண். இத்தாலியின் பரோலோ. இதை நான் சும்மா சொல்லமாட்டேன். நானும் மார்கரெட்டும் கலியாண நாளில் மட்டும் குடிப்பது."

றுமானா பதிவை நிறுத்திவிட்டு எழும்பினாள். கிணற்றடியில் வாப்பா அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுத்துக்கொண்டிருந்தார். அவள் ஜன்னலோரம் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்து இருந்து அடித்து முடித்தாள். காதால் கேட்டதைக் கையால் எழுதினேன், வாயில் ஒன்றும் படவில்லையே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மௌலவி எவரிடமும் போய் அவள் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்த பதிலைக் கேட்பதற்கு யாரும் வெயிலில் நடந்து போவதில்லை.

அவருக்கு அவளுடைய வேலை பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு செவ்வாயும் அவளுக்கே அனுப்பினார். கை நடுங்கும் வருத்தம் வந்து டைப் அடிக்க முடியாமல் போனதால்தான் பேசி அனுப்புவதாகச் சொன்னார். அந்த ஊர் வாரப் பத்திரிகையில் முப்பது வருடமாக அந்தப் பத்தி அவருடையது. மூன்று சிவப்பு வைன்: கையில் இருக்கிற காசுக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று, வாழ்க்கையில் மறக்கக்கூடாத நாளுக்கு ஒன்று. ஒருபோதும் நாலாவதைச் சொன்னதில்லை.

போகப் போக, பத்தியைச் சொல்லி முடித்த பிறகும் அவர் பதிவை நிறுத்தாமல் பேசத் தொடங்கினார். "இனிச் சொல்வதை எழுத வேண்டாம், ரொமானா," என்பார். றுமானா என்று அவருக்கு வராது. நாய்க்குக் கண் மங்குகிறது என்பார். கடலில் மூன்று நாளாக மூடுபனி என்பார். பிறகு எப்படியும் பேச்சு மார்கரெட்டில் வந்து நிற்கும். மார்கரெட் அவருடைய மனைவி. ஞாபகம் எல்லாம் அழிந்து, முதியோரைப் பராமரிக்கும் ஓர் இல்லத்தில் இருந்தாள். எட்வின் போனால், மணிக்கூடு திருத்த வந்த ஆள் என்று நினைத்து, "அதோ அந்தச் சுவரில் இருக்கிறது" என்று காட்டுவாளாம். ஆனால் வெள்ளிக்கிழமை தாதி ஒருத்தி பத்திரிகையை எடுத்து அவருடைய பத்தியை வாசித்தால், இரண்டாவது வைன் வரும் இடத்தில் மார்கரெட் சிரிப்பாளாம். "இது எட்வின் சொல்வது போல இருக்கிறது," என்பாளாம். ஒரு கிழமைக்கு அந்த ஒரு தடவை மட்டும் அவளுக்குத் தன் புருஷனின் பெயர் வரும்.

இதைக் கேட்ட நாளில் றுமானா சோறு பொங்கி வழிவதைக் கவனிக்காமல் இருந்துவிட்டாள்.

ஒருநாள் அவர் கேட்டார்: "உங்கள் பக்கத்தில் என்ன குடிப்பீர்கள்? இத்தனை நாளில் நான் சொன்னதில் ஏதாவது உங்களுக்குப் பிடித்ததா?" எங்கள் வீட்டிலும் ஊரிலும் நாங்கள் குடிப்பதில்லை, மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்று அவள் எழுதி அனுப்பினாள். அடுத்த செவ்வாய் அவர் முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு சிறுபிள்ளை மாதிரி ஆவலாக, "அப்படியென்றால், பிளம் பழம் போல, கறுப்பு பெரிப் பழம் போல என்று நான் சொல்லும்போது உங்களுக்கு என்ன தோன்றும்?" என்று கேட்டார்.

எதுவும் தோன்றாது, எழுத்துப் பிழை வராமல் பார்த்துக்கொள்வேன் என்று அவள் உண்மையைச் சொன்னாள். அதற்கு அவர் சிரித்த சிரிப்பு இருமலாகி அடங்க நேரம் எடுத்தது. அன்றிலிருந்து அவள் தன் பக்கத்துப் பழங்களை அவருக்கு எழுதினாள். நாவல்பழத்தை உப்பில் உருட்டித் தின்றால் நாக்கு ஊதாவாகித் தொண்டையை இறுக்கிப் பிடிக்கும் என்று எழுதினாள். விளாம்பழத்தை உடைத்தவுடன் வீடெல்லாம் நிற்கும் புளித்த வாசத்தை எழுதினாள். கோடையில் தண்ணீர் வற்றிய வயல் முதல் மழை பட்டவுடன் எழுப்பும் மணத்தை எழுத அரைநாள் எடுத்தாள். அவர் அவற்றைப் பத்தியில் சேர்த்துக்கொண்டார். "இலங்கையில் ஒரு கடலோர ஊரில் எனக்கு ஒரு நண்பி இருக்கிறாள், வாழ்நாளில் ஒரு துளியும் குடிக்காதவள். அவள் சொல்கிறாள்..." என்று பதிவில் வந்தது. நண்பி என்ற சொல் வந்த இடத்தை றுமானா திரும்ப ஓடவிட்டுக் கேட்டாள்.

நிஸாமும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவான். "சாப்பிட்டியா? நான் வேலையில. மறுகா கதைக்கன்." அவ்வளவுதான். மறுகா அவன் கதைப்பதில்லை. கெட்டவன் என்று சொல்ல முடியாது. பாலைவனத்தில் பதினாலு மணித்தியாலம் லொறி ஓட்டுகிறவனிடம் கதை மிச்சம் இருப்பதில்லை. ஆனால் மனுசர் ஒருவர் தன்னை நினைத்துக்கொண்டு இருந்து பேசுவதைக் கேட்க றுமானாவுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் கிடைத்தது.

நாலாவது வருடம் எட்வினுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று டொக்டர்மார் சொன்னார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தார்கள். இரண்டு மாதம் பழைய பத்திகளையே பத்திரிகை திரும்பப் போட்டது. பிறகு ஒரு பதிவு வந்தது. குரல் பாதியாகிப் போயிருந்தது.

"எழுத வேண்டாம், ரொமானா. எதையும் எழுத வேண்டாம். நேற்று அந்தக் கார்மனேரைத் திறந்தேன். தண்ணீர் மாதிரி இருந்தது. தண்ணீருக்குள் ஓர் ஆணியைப் போட்டு வைத்தது மாதிரி. பரோலோவும் அப்படியே. சாப்பிடுகிற பாணும் அப்படியே. டொக்டர் சொல்கிறார், ருசி இனித் திரும்பி வராது. நான் இதைப் பத்திரிகை ஆசிரியைக்குச் சொன்னால் பத்தியை நிறுத்திவிடுவார். நிறுத்தினால் வெள்ளிக்கிழமை மார்கரெட்டுக்கு வாசிக்க ஒன்றும் இருக்காது."

அவர் ஒரு உதவி கேட்டார். நாலு வருடப் பத்திகளும் அவளிடம் இருக்கின்றன. எந்த வைனைப் பற்றி எந்த வருடம் என்ன சொன்னேன் என்று எடுத்துத் தர முடியுமா?

அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைப் புதிதாகத் திருப்பிச் சொன்னார். சில மாதத்தில் பழையவை தீர்ந்தன. கடைக்காரர்கள் புதிய போத்தல்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அவருக்குக் கண்ணுக்குத் தெரிவது மட்டும் மிச்சம்: நிறம் இது, விளிம்பு செங்கல் மாதிரி இருக்கிறது, எந்த மலைச் சரிவில் விளைந்தது, இத்தனை வயது. மிச்சத்தை அவள்தான் நிரப்ப வேண்டியிருந்தது. ஆறேழு வரிகளில் தொடங்கியது. பிறகு பாதிப் பத்தி. பிறகு முழுவதும். எட்டுப் பவுணுக்கு இதை வாங்குங்கள், நாற்பது பவுண் உங்களிடம் இருந்தால் இதை விட்டுவிடாதீர்கள் என்று, எட்வினின் சொல்லில், எட்வினின் மூச்சு நிற்கும் இடத்தில் நிறுத்தி, அவளே எழுதினாள். மார்கரெட் சிரிப்பதற்கென்று இரண்டாவது வைனில் ஒரு வேடிக்கையை வைக்க அவள் மறந்ததில்லை.

இது முந்தியது மாதிரி இல்லை என்று அவளுக்குத் தெரியும். கேட்டு அடிப்பது வேறு, தானே சொல்லெடுத்துக் கொடுப்பது வேறு. அந்த வருடம் நோன்பில், விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பி, சுபஹு தொழுது, ஓதி முடித்து, வறண்ட நாக்கோடு இருந்து ஒரு வைன் எப்படித் தொண்டையில் இறங்கும் என்று எழுதினாள். எழுதிவிட்டு, தொழுகிற முஸல்லாப் பாயில் போய்ச் சரிந்து அழுதாள். அடுத்த செவ்வாயும் எழுதினாள்.

ஒருமுறை பத்திரிகைக்கு வாசகர் ஒருவர் எழுதியதை எட்வின் அவளுக்கு வாசித்துக் காட்டினார். பத்தியில் சொன்ன நடுத்தர விலை வைனை மகளின் கலியாணத்துக்கு வாங்கினாராம். எல்லோரும் கேட்டுக் கேட்டுக் குடித்தார்களாம். "பார்த்தீர்களா, ரொமானா? அது முழுக்க உங்களுடையது," என்றார் எட்வின், மகிழ்ச்சியோடு. தன் சொல்லைக் கேட்டு ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் குடித்திருக்கிறார்கள். அதைவிட அவளைப் பயமுறுத்தியது, அந்தப் பயத்துக்கு அடியில் எங்கோ சின்னதாக ஒரு பெருமையும் இருந்ததுதான்.

ராத்தா ஆகிலா அதைக் கண்டது அடுத்த வருட நோன்பில். பள்ளியில் கொடுத்த கஞ்சியை ஒரு வாளியில் வாங்கிக்கொண்டு, "வாப்பாக்கு வெக்கிறன்" என்று உள்ளே வந்தவள், திறந்து கிடந்த லப்டொப்பைப் பார்த்தாள். ஆகிலா பாலர் வகுப்பு டீச்சர். இரண்டு வரி வாசித்தாள். வாளியைக் கீழே வைத்தாள்.

"இதென்னகா?"

"டைப் அடிக்கிற வேல, ராத்தா."

"எனக்கும் கொஞ்சம் இங்கிலீசு தெரியும். இது டைப் அடிக்கிறதா? இத வாங்குங்க, அதக் குடிங்கன்டு நீதானே எழுதிக்கிட்டு இரிக்காய்."

"அவர் ஒரு வயசு போன மனிசன் ராத்தா. வருத்தக்காரன். அவர்ட பொஞ்சாதிக்கு ஒண்டும் ஞாபகமில்ல. இத வாசிச்சாத்தான்..."

"நோம்பு வாயோட, றுமானா!"

றுமானா லப்டொப்பை மூடினாள். ஆகிலா வாசலில் போய் நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "வாப்பாக்கு நீயே சொல்லு. அவர் இந்தக் காசுல உன்ட கையால சாப்பிடுறவர். தெரியாமச் சாப்பிடக் கூடாது."

வாப்பா அஸர் தொழுதுவிட்டு வந்து முன் அறையில் இருந்தார். "ஆகிலா என்ன, மையித்து ஊட்டால வாறவள் மாதிரி மொகத்த வெச்சிக்கிட்டுப் போறாள்? என்ன மகள்?"

றுமானா தரையில் அவருடைய காலடியில் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள். கிழவரை, கை நடுக்கத்தை, மார்கரெட்டை, ருசி போனதை. முடிந்த பிறகு வாப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவர் சொன்னத அடிச்சியா, இல்லாட்டி நீயா எடுத்துக் குடுத்தியா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாப்பா நம்பியிருப்பார்.

"முந்தி அவர் சொன்னதத்தான் அடிச்ச, வாப்பா. ரெண்டு வருசமா நானாத்தான் எடுத்துக் குடுத்த."

"நீ சொன்னதக் கேட்டு ஆராவது வாங்கிக் குடிச்சானா?"

"ஓம் வாப்பா."

வாப்பா தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தபடி இருந்தார். "உனக்கு இங்கிலீசு படிப்பிச்சது நான்தானே," என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் ஏசவில்லை. நோன்பு திறக்கப் பள்ளிக்குப் போனவர், இரவுத் தறாவீஹ் தொழுகையும் முடிந்து வந்து, இரண்டு சாரனையும் ஒரு தலையணையையும் மடித்து எடுத்தார்.

"இது உன்ட ஊடு மகள். உன்ன நான் ஒண்டும் சொல்லல்ல. கொஞ்ச நாளைக்கி ஆகிலாட ஊட்ட இரிக்கன்."

நடுவே ஒரு மதில்தான். ஆனாலும் அந்தப் பெருநாளுக்கு வாப்பா இல்லாத வீட்டில் றுமானா ஒற்றை ஆளாக இருந்து சாப்பிட்டாள். மதிலுக்கு அந்தப் பக்கத்தில் அவர் செருமுவது கேட்கும். ஆகிலாவின் கறி அவருக்கு உறைப்புக் கூட. அவர் தண்ணீர் கேட்பதும் கேட்கும்.

பெருநாள் கழிந்த செவ்வாய், அவள் எட்வினுக்கு எழுதினாள். குடும்ப விஷயம், இனி என்னால் இந்த வேலையைச் செய்ய முடியாது, மன்னிக்க வேண்டும் என்று மூன்றே வரி. என்ன விஷயம் என்று எழுத நினைத்து எழுதாமல் விட்டாள். இந்த வேலை அவள் வீட்டைப் பிரித்துவிட்டது என்று அறிந்தால் அந்த மனிதர் தாங்கமாட்டார் என்று பட்டது.

மறுநாளே பதில் வந்தது. வழக்கம் போலப் பதிவாகத்தான்.

"ரொமானா, குடும்பம் என்றால் குடும்பம். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். உங்களுக்கு விலக்கப்பட்டது என்று நீங்கள் சொல்லியும், என் வசதிக்காக அதை மறந்தது போல இருந்துவிட்டேன். ஆசிரியையிடம் சொல்லிவிட்டேன், பத்தி முடிந்தது. முப்பத்தாறு வருடம். போதும் தானே? நீங்கள் நன்றாக இருங்கள்."

பேசி முடித்த பிறகும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த மறந்திருக்க வேண்டும். கதிரை இழுபடும் சத்தம். நாய் நகம் பட நடக்கும் சத்தம். நீண்ட இருமல். "சரி, சரி," என்று அவர் சொன்னார், நாய்க்கா தனக்கா தெரியவில்லை. றுமானா கடைசிவரை கேட்டாள். அதன் பிறகு அவள் அவருக்கு எழுதவும் இல்லை, அவர் பேசி அனுப்பவும் இல்லை.

வேலையை விட்டதை அவள் ஆகிலாவிடம் சொன்னாள். இரண்டு நாள் கழித்து வாப்பா தலையணையோடு வந்து, தன் அறைக்குள் போய், "பிளேன்டி ஒண்டு ஊத்து மகள்" என்றார். அந்தப் பேச்சை அவர் திரும்ப எடுக்கவில்லை. அவள் வேறு வேலைகளைப் பிடித்தாள். காப்புறுதிக் கம்பனிகளுக்குத் தொலைபேசி முறைப்பாடுகளை அடித்துக் கொடுத்தாள். கோபக் குரல்களாக வந்தன. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும், பின்னேரம் ஆனால், கை தானாகவே போய் மின்னஞ்சலைத் திறந்து பார்க்கும்.

மாரி தொடங்கிய ஐப்பசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. எட்வினுடையது இல்லை. அந்தப் பத்திரிகையின் ஆசிரியை எழுதியிருந்தார். எட்வினுடைய கொம்பியூட்டரில் உங்கள் முகவரியைக் கண்டேன், உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவர் சனிக்கிழமை காலமானார். நோய் திரும்ப வந்திருந்தது. நாங்கள் ஏழெட்டுப் பேர்தான் போனோம். மார்கரெட்டின் பக்கத்திலேயே அடக்கம் செய்தோம். மார்கரெட் போன வருடம் மாசியில் போய்விட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

றுமானா கடைசி வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள்.

தெரியாது. அவளுக்குத் தெரியாது. போன வருடம் மாசி என்றால், அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இந்த நோன்பிலும் எழுதினாள். மார்கரெட் சிரிக்க வேண்டும் என்று இரண்டாவது வைனில் வேடிக்கை வைத்தாள். கேட்டுச் சிரிக்க அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

அவள் பழைய பதிவுகளை எடுத்தாள். மாசிக்குப் பிந்தியவற்றை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். அதுவரை, பத்தி யாருக்கு என்று பேசும்போதெல்லாம் "மார்கரெட்டுக்கு" என்று சொன்னவர், அதன் பிறகு "வெள்ளிக்கிழமைக்கு" என்றுதான் சொல்லியிருந்தார். பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. இரண்டு கிழமை மட்டும் குரல் மிகவும் அடைத்திருந்தது. அப்போது அவள், தடிமலாக்கும் என்று நினைத்து, கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல்லி எழுதியிருந்தாள். அவர் நன்றி சொல்லியிருந்தார்.

முதலில் கோபம்தான் வந்தது. "அவ இல்லாம ஆருக்காக்கும் நான் எழுதின?" என்று வாய்விட்டுக் கேட்டாள், ஆளில்லாத அறையில். வாப்பா தலையணையைத் தூக்கிக்கொண்டு போனது கண்ணுக்குள் வந்தது. அந்தக் கோபத்தோடு அடுப்படிக்குப் போனவள், அரிசியைக் கழுவ எடுத்த சட்டியைப் பிடித்தபடியே நிலத்தில் இருந்து அழத் தொடங்கினாள். அழுகை எப்போது கோபத்திலிருந்து மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்த வாப்பா வாசலில் நின்றார்.

"என்ன மகள்? நிஸாமுக்கு என்னமும்...?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்ப ஆரு மௌத்து?"

"அந்த மனிசன், வாப்பா."

எந்த மனிதன் என்று அவர் கேட்கவில்லை. ஒரு பலகையை இழுத்துப் போட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தார்.

"புள்ளகள் இரிக்கா அவருக்கு?"

"இல்ல. பொஞ்சாதிதான். அவவும் மௌத்தாகி ஒரு வருசத்துக்கு மேல போயிட்டு. எனக்கிட்டச் சொல்லல்ல வாப்பா. அவவுக்காகத்தான் எழுதினன்டு நான் நெனச்சிக்கிட்டு இரிந்த. என்ன ஏமாத்திப் போட்டார்."

வாப்பா வாசல் பக்கம் பார்த்தார். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. உம்மா மௌத்தான வருடம், பக்கத்து வீட்டார் உம்மாவை விசாரித்தால் "உள்ளுக்குக் கிடக்கா" என்று வாப்பா வாய்தவறிச் சொன்னது றுமானாவுக்கு ஞாபகம் இருந்தது. அவர் அதைத்தான் நினைத்தாரோ என்னவோ.

"சொன்னா நீ நிப்பாட்டிருவாய்," என்றார். "நிப்பாட்டினா அந்த மனிசனுக்குக் கதைக்கிறதுக்கு ஆரு இரிக்கா?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நீ செஞ்சது சரியென்டு நான் சொல்லல்ல மகள்," என்றார் வாப்பா. "அது பிழதான். அதுக்கு நீ தௌபா செய்யணும், அல்லாஹ்ட்ட மன்னிப்புக் கேக்கணும். நானும் உனக்காகக் கேக்கன். ஆனா அழுறதுக்கு ஆருமில்லாம ஒரு மனிசன் போகக் கூடாது. நீ அழு."

"துஆக் கேக்கலாமா வாப்பா அவருக்கு?"

கேட்டுவிட்டு அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீராமுகைதீன் ஐந்து வேளையும் பள்ளியில் முன் வரிசையில் நிற்கிறவர். அவருக்கு அதற்குப் பதில் தெரியும். இஸ்லாத்தில் ஈமான் கொள்ளாமல் மௌத்தான ஒருவருக்காகப் பாவமன்னிப்புக் கேட்க முடியாது என்று சின்ன வயதில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். "கஞ்சித் தண்ணி கொஞ்சம் குடி," என்றார் கடைசியில். சட்டியை அவள் கையிலிருந்து வாங்கி, தானே அரிசியைக் கழுவி அடுப்பில் வைத்தார். அவர் அடுப்படியில் வேலை செய்து அவள் கண்டதில்லை. தண்ணீர் கூடிவிட்டது. அன்றைக்குச் சோறு குழைந்து போயிற்று. இருவரும் அதையே சாப்பிட்டார்கள்.

அவள் அஸர் தொழுதாள். ஸலாம் கொடுத்த பிறகு கையை ஏந்தினாள். உம்மாவுக்குக் கேட்டாள், வாப்பாவுக்குக் கேட்டாள், பாலைவனத்தில் ஓடுகிற நிஸாமுக்குக் கேட்டாள், தான் செய்ததற்குப் பிழை பொறுக்கக் கேட்டாள். அதற்கு மேல் கேட்க ஒன்று இருந்தது. அதைக் கேட்கும் வழி அவளுக்குத் தெரியவில்லை. ஏந்திய கையை இறக்க மனமில்லாமல், மழைச் சத்தத்தைக் கேட்டபடி, வாப்பா அந்தி மஃரிப் தொழுகைக்குக் கூப்பிடும்வரை அப்படியே இருந்தாள்.